டர்பன் பக்கத்தில் ஊர் ரேடியோ: எந்த வழியில் பிழைக்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே போனால் வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் என்று கரும்புத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர்கள் வரிசையாக வரும். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து மதராஸ் துறைமுகம் வழியாக வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊர்களில் நிறையப் பேர். கோயில் இருக்கிறது, மயானம் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக நடக்கும் மளிகைக்கடை இருக்கிறது. ஆனால் ரேடியோவைத் திருகினால் டர்பன்தான் பேசுகிறது. இல்லையென்றால் ஜொஹானஸ்பர்க்.

ஊருக்கென்று ஒரு ரேடியோ வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ஏற்கெனவே சின்ன அளவில் நடத்துகிறவர்களோ, இதை எப்படித் தொடர்வது என்று மாதக் கடைசியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். இரண்டு தரப்புக்கும் முன்னால் இருப்பது ஏறக்குறைய ஒரே நான்கு வழிகள். ஊரளவுக்கு ஒரு சின்னக் கோபுரத்தோடு எஃப்எம்மை வைத்துக்கொள்வது முதல் வழி. அலையை நீட்டி டர்பன் நேயர்களைப் பிடிக்கப் பார்ப்பது இரண்டாவது. கோபுரத்தை விட்டுவிட்டு இணையத்துக்குப் போவது மூன்றாவது. பெரிய நிலையம் ஒன்றில் சில மணி நேரத்தை வாங்கிக்கொள்வது நான்காவது. டோங்காட் மாதிரி ஊருக்கு முதல் வழிதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் வெருலத்துக்கு நான் அதே பதிலைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். உகோஸி எஃப்எம் அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியின் ஜூலு மொழி நிலையம். நாட்டிலேயே அதிக நேயர்கள் அதற்குத்தான். ஈஸ்ட் கோஸ்ட் ரேடியோ முன்பு எஸ்ஏபிசியின் ரேடியோ போர்ட் நட்டாலாக இருந்து, 1996-இல் தனியார் கைக்கு மாறியது. காலை நேரத்தில் டர்பனுக்குக் கார் ஓட்டும் இந்தியர்களில் பலருக்கு அதுதான் பழக்கம். ககாசி எஃப்எம் இளைஞர்களுடையது. நம் வீடுகளில், 1983 ஜனவரியில் எஸ்ஏபிசியின் ரேடியோ லோட்டஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று லோட்டஸ் எஃப்எம் ஆகியிருக்கும் நிலையம். இவை தவிர, டர்பனிலேயே ஹிந்தி சிக்‌ஷா சங்கம் தொடங்கிய ஹிந்த்வாணி 91.5-இல் இருக்கிறது, முஸ்லிம் சமூகத்தின் அல்-அன்சார் 90.4-இல் இருக்கிறது.

பாட்டு, நகைச்சுவை, பரிசுப்போட்டி என்று எதில் இவர்களோடு மோதினாலும் ஊர் ரேடியோ தோற்கும். அவர்களிடம் பணம் இருக்கிறது, பயிற்சி பெற்ற குரல்கள் இருக்கின்றன. ஆனால் அவர்களால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. டோங்காட்டில் யார் இறந்தார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தத் தெருவில் இன்று தண்ணீர் வராது என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை. டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சிக்குள் ஏறக்குறைய 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு தெருவுக்காக மைக்கைத் திறந்தால் மற்றவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். பெரிய நிலையம் சிறியதாக நடந்துகொள்ள முடியாது. ஊர் ரேடியோவுக்குப் பிழைப்பு இருக்கிறதென்றால் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

2022 ஏப்ரல் வெள்ளம் இதற்கு நல்ல உதாரணம். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போனது. பல மாதங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதுதான் அப்போது ஊரில் பெரிய செய்தி. 2024 ஜூன் 3 அன்று அதே டோங்காட்டைச் சூறாவளி தாக்கியபோது கூரைகள் பறந்தன, கரண்ட் போனது. இந்த மாதிரி நாட்களில் டர்பன் நிலையங்கள் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போகும். அது அவர்கள் குற்றமில்லை. அவர்கள் வேலை அது.

இப்போதெல்லாம் அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் ஒரே டேங்கரைப் பற்றி எட்டு குழுக்களில் எட்டு நேரம் வரும். அதில் மூன்று போன வாரத்தது. கவுன்சிலருக்கோ மாநகராட்சி அலுவலகத்துக்கோ போன் போட்டு, உறுதி செய்து, ஒரு பெயருள்ள ஆள் பொறுப்பேற்றுச் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம். ஆசை அதிகம் உண்டாக்குவது இரண்டாவது வழிதான், அதாவது டர்பனை நோக்கி அலையை நீட்டுவது. "டர்பன் ஓரத்து உம்ஷ்லாங்கா வரைக்கும் கேட்டால் போதும் அண்ணா, விளம்பரம் கொட்டும்" என்று யாராவது ஒரு தம்பி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வான்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கே 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதன்பின் நகர விளிம்பில் இருந்த சிற்றூர் நிலையங்கள் பல விலைபோயின. புதியவர்கள் ஆண்டெனாவை நகரம் இருக்கும் பக்கமாக நகர்த்தினார்கள். உரிமத்தில் ஊர்ப் பெயர் இருக்கும், நிலையம் நகரத்துக்குப் பாட்டுப் போடும். பல இடங்களில் இரண்டுமே சரியாக வரவில்லை. நகரத்தில் அலை மெலிந்து கேட்கும். ஊரிலோ அது தங்களுடையது என்ற எண்ணம் போயிருக்கும்.

நம் பக்கத்தில் விதியே இதற்கு இடம் கொடுக்காது. சமூக வானொலி உரிமத்தில் எந்தப் பகுதிக்கு, எந்த இடத்திலிருந்து, எவ்வளவு வாட்டில் என்று எழுதியிருக்கும். உரிமம் தரும் ஆணையமான இக்காசா கேட்காமல் விடாது. அப்படியே அனுமதி கிடைத்தாலும், வாட்டைக் கூட்டுவதால் நினைத்த அளவு பலன் வராது. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. 100 வாட்டை 200 ஆக்கினால் 3 டெசிபெல்தான் கூடும், தூரம் கொஞ்சம்தான் நீளும். ஆண்டெனாவின் உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. சமதரையில் 30 மீட்டர் உயரத்தில் வைத்தால் ரேடியோ அடிவானம் சுமார் 22 கிலோமீட்டர். 120 மீட்டரில் வைத்தால் சுமார் 45. டோங்காட்டிலிருந்து டர்பன் 40 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, நடுவில் மேடும் பள்ளமும். அவ்வளவு உயரம் வேண்டுமென்றால் குன்றின் மேல் இடம் பிடிக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், இடி விழும்போது அங்கே ஏற ஓர் ஆளும் வேண்டும். இத்தனைக்கும் பிறகு டர்பனில் போய் நிற்கும்போது பக்கத்து அலைவரிசையில் பெரிய நிலையம் உறுமிக்கொண்டிருக்கும். மலிவான கார் ரேடியோ பலமான அலையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அதையும் தாண்டினால் விளம்பர ஏஜென்சிகள் நிற்கிறார்கள். அவர்கள் காசு கொடுப்பது ஒலிபரப்பு ஆராய்ச்சிக் குழு வெளியிடும் நேயர் கணக்கைப் பார்த்து. அந்த மாதிரிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த சிலரைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரு சிற்றூர் நிலையத்துக்கு அதில் விழுவது கையளவு ஆட்கள். இந்தத் தடவை அவர்களில் இரண்டு பேர் ஊரில் இல்லை என்றால் உங்கள் நேயர் எண்ணிக்கை பாதியாகிவிட்டதாக அறிக்கை வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் ரேடியோவின் விற்பனைக் குழுவோடு போட்டி போடுவது வீண் வேலை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கடைக்காரரின் கணக்கு. டோங்காட்டில் கோபாலால் ஹர்பன்ஸ் சாலையில் இரும்புக்கடை வைத்திருப்பவர் டர்பன் முழுக்கக் கேட்கும் நிலையத்துக்குக் காசு கொடுத்தால், சாட்ஸ்வொர்த், இசிபிங்கோ, உம்லாஸி என்று ஒருநாளும் அவர் கடைக்கு வராத லட்சக்கணக்கானவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். ஊரளவுக்கு மட்டும் கேட்கும் நிலையத்தில் அந்த வீண்செலவு இல்லை. அதனால்தான் குறைந்த விலைக்கு விற்க முடிகிறது. அலையை நீட்டினால் செலவு கூடும், விலை கூடும், அந்த இரும்புக்கடைக்காரர் கழன்றுகொள்வார். புது நேயர்கள் வருவதற்குள் பழைய வாடிக்கை போயிருக்கும். இந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம்.

மூன்றாவது, இணையம். இளைஞர்கள் விரும்புவது இதைத்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோபுரம் வேண்டாம், அலைபரப்பும் அரசு நிறுவனமான செண்டெக்குக்கு மாதாமாதம் கட்ட வேண்டாம், இக்காசா படிவங்கள் குறைவு. லண்டனிலும் மெல்போர்னிலும் இருக்கும் டோங்காட் பிள்ளைகள் கேட்பார்கள். செலவைப் பொறுத்தவரை நான்கு வழிகளில் தொடங்குவதற்கு மலிவு இதுதான். பாட்டுக்கான உரிமைத் தொகை மட்டும் இங்கேயும் உண்டு, அதை மறந்துவிட்டுத் தொடங்கக்கூடாது.

ஆனால் செலவு போய்விடவில்லை, நேயர் தலைக்கு மாறியிருக்கிறது. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 29 மெகாபைட். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு 2.6 ஜிகாபைட் ஆகிறது. வீட்டில் வைஃபை இருப்பவர்களுக்கு இது ஒன்றுமில்லை. முன்கட்டணச் சிம்மில் கொஞ்சம் கொஞ்சமாக டேட்டா வாங்கும் ஓய்வூதியக்கார ஆயாவுக்கு இது காசு. ஊர் ரேடியோவை நாள் முழுக்க ஓடவிட்டு வேலை செய்வதோ அந்த ஆயாதான். சமையலறையில் இருக்கும் பழைய பெட்டிக்கு அவர் மாதாமாதம் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை.

கரண்ட் பிரச்சினையையும் பார்க்க வேண்டும். 2023-இல் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் செல்போன் கோபுரங்களின் பேட்டரிகள் தீர்ந்துபோனதை எல்லோரும் பார்த்தோம். நெட் போனால் இணைய ரேடியோ அத்தோடு நின்றது. 100 வாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரையும் ஒரு மிக்சர், ஒரு கணினியையும் சேர்த்தாலும் சில நூறு வாட்தான் ஆகும். ஓர் இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரிகளும் இருந்தால் இரவு முழுக்க ஓட்டலாம். கேட்கிறவரிடம் இரண்டு பென்சில் பேட்டரி போட்ட பெட்டி இருந்தால் போதும். வெள்ளம், சூறாவளி வரும் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இணையத்துக்கு எதிராக எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு. இணைய ஒலிபரப்பை இன்றைக்கும் தொடங்கலாம், ஐந்து வருடம் கழித்தும் தொடங்கலாம். எஃப்எம் அலைவரிசை அப்படி இல்லை. டர்பன் வட்டாரத்தில் எஃப்எம்மில் காலி இடம் கிடைப்பது கஷ்டம். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஒரு வழியில் திரும்பி வரலாம், இன்னொன்றில் வர முடியாது என்றால், இரண்டும் சமமான தேர்வுகள் இல்லை. ஆகவே இணையத்தை எஃப்எம்மோடு சேர்த்து நடத்துங்கள். அதற்குப் பதிலாக வேண்டாம். இழவுச் செய்திகளைக் காலை ஒலிபரப்பில் சொன்னபின் வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவாக அனுப்புவது மாதிரி சின்ன வேலைகளுக்கு இணையம் மிக நல்லது.

நான்காவது வழியான நேரம் வாங்குவதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஏற்கெனவே நடக்கும் நிலையம் ஒன்றில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கிடைத்தால் தேவாரம், ஊர்ச் செய்தி, பெரியவர் ஒருவரோடு பேச்சு என்று நன்றாகச் செய்யலாம். கோபுரம், உரிமம், கணக்குத் தணிக்கை எல்லாம் வேறு ஆள் தலையில். தொடங்கும் குழுவுக்கு இது நல்ல பயிற்சி.

குறை என்னவென்றால் கடிகாரம் உங்களுடையது இல்லை. புதன்கிழமை ராத்திரி வெள்ளம் வந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். நிகழ்ச்சி வரிசையை மாற்றும் அதிகாரமும் வேறு இடத்தில் இருக்கிறது. 2016-இல் எஸ்ஏபிசி தன் வானொலிகள் எல்லாம் 90 சதவீதம் உள்நாட்டு இசை போட வேண்டும் என்று அறிவித்தபோது லோட்டஸ் நேயர்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். மறு ஆண்டில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. உள்நாட்டுக் கலைஞர்களுக்கு இடம் வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் எஸ்ஏபிசி தலைமையகம் இருக்கும் ஆக்லண்ட் பார்க்கில் ஒருவர் எடுத்த முடிவு டோங்காட் அடுப்பங்கரையில் என்ன கேட்கும் என்பதை ஒரே வாரத்தில் மாற்றியது. வாங்கிய நேரத்துக்கும் அதே கதிதான்.

இனி முதல் வழி. சின்னக் கோபுரம், சொந்த உரிமம். இதில்தான் கஷ்டங்களும் அதிகம், அதனால் இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சமூக வானொலி என்ற வகை இந்நாட்டில் 1993-இன் சுயாதீன ஒலிபரப்பு ஆணையச் சட்டத்தோடு வந்தது. லாபம் நோக்கமாக இருக்கக்கூடாது. ஆனால் விளம்பரம் வாங்கலாம், உபயதாரர் வைக்கலாம், நன்கொடை பெறலாம். மிஞ்சுவதைச் சமூகத்துக்கே செலவிட வேண்டும். கட்சி விளம்பரம் தேர்தல் காலத்தில் மட்டும். மக்கள் கலந்துகொள்ளும் ஆண்டுக் கூட்டம், தேர்ந்தெடுத்த குழு, ஒழுங்கான கணக்கு எல்லாம் வேண்டும். பாட்டுக்கான உரிமைத் தொகையை வசூலிக்கும் சாம்ரோ, சாம்ப்ரா என்ற இரண்டு அமைப்புகளுக்கும் கட்ட வேண்டும். உள்நாட்டு இசைக்கான ஒதுக்கீடு வணிக நிலையங்களைவிடச் சமூக நிலையங்களுக்கு அதிகம். சென்னைச் சினிமாப் பாட்டை நாள் முழுக்க ஓட்டலாம் என்று கனவு காண்பவர்கள் இதை முதலில் படித்துப் பார்க்கட்டும். என்னைக் கேட்டால் அந்த ஒதுக்கீடு நமக்கு உதவிதான். இந்த மண்ணில் பஜனைக் குழுக்களும் மேடைக் கச்சேரிக் குழுக்களும் இவ்வளவு இருக்கும்போது அவர்களை யார் பதிவு செய்து போடுவது?

சமூக நிலையங்கள் கவிழ்வது பெரும்பாலும் நேயர் இல்லாமல் அல்ல. தாள் வேலையில் கவிழ்கின்றன. 2019-இல் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சமூக வானொலிகளை நிறுத்தச் சொல்லி இக்காசா உத்தரவிட்டது. இன்னொரு பள்ளம் செண்டெக்கின் பாக்கி. நாடு முழுக்கச் சமூக நிலையங்கள் பல அதில் விழுந்திருக்கின்றன. முடிந்தால் டிரான்ஸ்மிட்டரைச் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். கோடைக்கால இடியும் கேபிள் திருட்டும் இங்கே புதிதல்ல.

பணம் எங்கிருந்து வரும்? ஊரில் கூட்டமாக இருக்கும் கடைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய சங்கிலிச் சூப்பர்மார்க்கெட்டின் உள்ளூர் மேனேஜருக்கு விளம்பரத்துக்குச் செலவிட அதிகாரம் கிடையாது. அந்த முடிவு கேப்டவுனிலோ ஜொஹானஸ்பர்க்கிலோ எடுக்கப்படுகிறது. 2001-இல் உம்ஷ்லாங்காவில் கேட்வே மால் திறந்தபின் வடக்கு ஊர்களின் காசு அந்தப் பக்கம் போகத் தொடங்கியது. மாலில் இருக்கும் கடைக்கும் ஊர் ரேடியோ தேவையில்லை. மிஞ்சுவது குடும்பக் கடைகள்: இரும்புச் சாமான், புடவை, மசாலா, ஈமச்சடங்கு நடத்துபவர், டயர்க் கடை, தனியார் டாக்டர், டிரைவிங் ஸ்கூல். இப்படிப்பட்ட கடைகள் நாற்பது ஐம்பது இருக்கும் ஊரில் ரேடியோ பிழைக்கும். எல்லாம் சங்கிலிக் கடைகளாக மாறிவிட்ட ஊரில் எவ்வளவு நல்ல நிகழ்ச்சி செய்தாலும் பிழைக்காது. நிலையம் தொடங்குமுன் அலைவரிசைக் கணக்குக்கு முன்னால் இந்தக் கடைக் கணக்கை எடுக்க வேண்டும். யாரும் எடுப்பதில்லை.

இந்தக் கடைகளுக்கு 30 விநாடி விளம்பரத்தைத் துண்டு துண்டாக விற்பது முட்டாள்தனம். பெரிய நிலையங்களின் முறை அது. மாதத்துக்கு ஒரு தொகை பேசி, காலை இழவுச் செய்தியை இன்னார் உபயம், வானிலையை இன்னார் உபயம் என்று கொடுத்தால் கோயில் உபயம் போலவே ஊருக்குப் புரியும். விற்கப் போகிறவர் சூட் போட்ட இளைஞராக இருக்கத் தேவையில்லை. ஓய்வுபெற்ற வாத்தியாரோ பழைய இன்சூரன்ஸ் ஏஜெண்டோ போனால் கடைக்காரர் எழுந்து நாற்காலி போடுவார். "வாங்க சார், உங்களிடம்தானே நான் கணக்குப் படித்தேன்" என்று தொடங்கும் பேச்சில் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் ஊரின் நாட்காட்டி. இதை டர்பன் நிலையங்கள் மேலோட்டமாகத்தான் தொடுகின்றன. தைப்பூசக் காவடியில் தொடங்கி, தோட்டத்து விடுமுறையை ஒட்டிப் பிறந்த ஈஸ்டர் காலத்து மாரியம்மன் திருவிழா, ஆடி மாதத்துக் கூழ், புரட்டாசி விரதம், தீபாவளி என்று வருடம் முழுக்க ஏதாவது இருக்கிறது. புரட்டாசியில் இறைச்சிக்கடை விளம்பரத்தை நிறுத்திக்கொள்ளும், காய்கறிக்காரரும் பருப்புக் கடையும் முன்வருவார்கள். விரதம் முடியும் வாரத்தில் இறைச்சிக்கடை இரண்டு பங்காகத் திரும்ப வரும். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கு பார்க்கிங் எங்கே, அன்னதானம் எப்போது என்ற தகவலின் மதிப்பு தெரியும். வருமானத்தை மாதச் சராசரியாகப் போடாமல் இந்த நாட்காட்டியில் வைத்துப் போட வேண்டும். கையில் பணம் வற்றும் மாதங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சந்தை, கச்சேரி போன்ற நிகழ்வுகளும் உண்டு. அல்-அன்சார் அமைப்பு டர்பனில் ஆண்டுதோறும் நடத்தும் சூக் சந்தை எவ்வளவு பெரிய பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். ரேடியோ அழைத்தால் மக்கள் வருகிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த அளவு நமக்கு வராது, ஆனால் கோயில் மைதானத்தில் வருடத்துக்கு இரண்டு உணவுத் திருவிழா நடத்தினால் பேட்டரிச் செலவு வந்துவிடும்.

அரசு உதவியும் இருக்கிறது. 2002 சட்டத்தில் பிறந்த எம்டிடிஏ அமைப்பு சமூக ஊடகங்களுக்கு மானியம் தருகிறது. கருவி வாங்க, ஆட்களைப் பயிற்றுவிக்க அது நல்லது. சம்பளத்துக்கும் வாடகைக்கும் அதை நம்பியவர்கள் அடுத்த மானியம் தாமதமானதும் ஸ்டூடியோ விளக்கை அணைத்தார்கள். அரசு விளம்பரமும் அப்படியே. வரும், ஆனால் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும்.

இங்கே டோங்காட்டுக்கும் ஸ்டாங்கருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டோங்காட் எத்தெக்வினிக்குள் அடக்கம். மாநகராட்சி விளம்பரம் கொடுத்தால் நகரம் முழுக்கக் கேட்கும் நிலையத்துக்கே கொடுக்கத் தோன்றும். ஸ்டாங்கருக்கு குவாடுகூஸா என்று சொந்த நகராட்சி, அதற்கு மேல் இலெம்பே மாவட்டம். தண்ணீர் அறிவிப்பு, ஏலம், வேலைவாய்ப்பு என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய அலுவலகமே ஊரில் இருக்கிறது. டர்பனிலிருந்து எழுபது கிலோமீட்டர் வாக்கில் இருப்பதால் காலையில் நகரத்துக்கு ஓடும் கூட்டமும் குறைவு. முதல் வழி அதிக எளிதாக அமையும் ஊர் ஸ்டாங்கர்தான்.

இந்த வழியில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதைத் தமிழ்ச் சங்கங்களில் கேட்டால் குரல் உயரும். உரிமம் யாருக்காக? விதிப்படி ஒரு நிலப்பகுதிக்காகவும் கேட்கலாம், ஒரு மொழி அல்லது மதச் சமூகத்துக்காகவும் கேட்கலாம். தமிழுக்கென்று ஒரு நிலையம் என்ற ஆசை எனக்கும் உண்டு. 1996 அரசியல் சட்டத்தின் 6-வது பிரிவிலேயே மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழின் பெயர் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், தமிழ் அவர்களிடம் பாட்டாகவும் பூஜையாகவும் இருக்கிறது. தமிழுக்கு மட்டும் என்று வாங்கினால் டோங்காட்டில் நேயர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போகும். ஹிந்தி, தெலுங்கு வீடுகள் விலகும். ஹம்பனாத்தியிலும் மக்வவேனியிலும் இருக்கும் ஜூலு மக்கள் இதை யாரோ சிலருடைய ரேடியோ என்று நினைப்பார்கள். அதே இரும்புக்கடைக்கு அவர்களும்தான் வாடிக்கையாளர்கள்.

2021 ஜூலைக் கலவரம் இதை இன்னும் கூர்மையாக்கியது. டர்பனுக்கு வடக்கே இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே மூண்ட மோதலையும் உயிர்ப்பலியையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அந்த வாரத்தில் ஜொஹானஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ராவில் இருக்கும் அலெக்ஸ் எஃப்எம் முழுசாகச் சூறையாடப்பட்டது. பணக்கார சாண்டனுக்கு எதிரிலேயே இருக்கும் ஏழை ஊரின் நிலையம் அது. பலரும் கொடுத்த உதவியில் அது மறுபடி ஒலிபரப்புக்கு வந்தது. பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வதந்தியில் பயந்து நின்ற அந்த இரவுகளில், இரு தரப்பும் நம்பிக் கேட்கும் ஒரே குரல் வட்டாரத்தில் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு விட்டுப்போகவில்லை. ஆகவே நிலப்பகுதிக்கான உரிமம்தான் சரி. காலையில் ஜூலுவும் ஆங்கிலமும் கலந்த ஊர்ச் செய்தி, மாலையில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்று முறை. தமிழுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் உறுதியாகக் கிடைத்தாலே வெளியில் வாரத்துக்கு வாங்கும் நேரத்தைவிட அது எவ்வளவோ அதிகம்.

வெருலத்துக்கு ஏன் வேறு பதில் என்றேன். அது டர்பனுக்கு மிக அருகில் இருக்கிறது, வேலைக்கும் கடைக்கும் மக்கள் தினமும் நகரத்துப் பக்கம் போய் வருகிறார்கள். அங்கே தனிக் கோபுரம் நிறுத்தினால் காரில் ஏறிய பத்தாவது நிமிடம் அலை கரகரக்கத் தொடங்கும். அங்கிருக்கும் குழு நான்காவது வழியில் போகட்டும். டர்பன் சமூக நிலையம் ஒன்றில் வாரத்தில் சில மணி நேரமும், தினமும் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிட ஊர்ச் செய்தியும் போதும். டோங்காட்டில் ஒரு நிலையம் நிலைத்துவிட்டால் அதிலேயே வெருலத்துக்கு ஒரு பகுதி கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. இரண்டு ஊருக்கும் இடையில் தூரம் அதிகமில்லை.

டோங்காட்டிலும் கோபுரம் எழுப்புமுன் மூன்று மாதம் நேரம் வாங்கி நடத்திப் பார்க்கலாம். அதற்குள் மாதத் தொகைக்குக் கையெழுத்துப் போட முப்பது கடைகள் கிடைக்கவில்லை என்றால் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம். கிடைத்தால், ஸ்டூடியோவுக்கு நாற்காலி வாங்குமுன் தாள் வேலைக்கு ஒரு கணக்காளரையும், இடி விழுந்த மறுநாள் வரக்கூடிய ஒரு டெக்னீஷியனையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.